மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் சிகிச்சை: எடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி?

மாதவிடாய் நிற்கும்போது உடம்பில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பதுதான் ஹார்மோன் சிகிச்சை. அது நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் சத்தமாகப் பதில் வரும். "புற்றுநோய் வந்துவிடும், தொடவே தொடாதே" என்பார் ஒருவர். "இதை எடுத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்பார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வேறு வேறு வயதுக்காரர்களைப் பற்றி, வேறு வேறு மருந்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கான பதில் நான்கு விஷயங்களைப் பொறுத்தது: உங்கள் வயது, கர்ப்பப்பை இருக்கிறதா இல்லையா, மருந்து எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, எந்தத் தொந்தரவுக்காக எடுக்கிறீர்கள். மருந்துச் சீட்டு எழுதுவது மருத்துவரின் வேலைதான். ஆனால் இந்த நான்கையும் யோசித்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

படி 1: எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வரவில்லை என்றால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நடக்கும். 45 வயதைத் தாண்டியவருக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, கூடவே திடீர்ச் சூடும் வியர்வையும் இருந்தால், அதை உறுதி செய்ய ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. அந்தக் காலகட்டத்தில் ஹார்மோன் அளவு ஒரு வாரம் ஏறும், மறு வாரம் இறங்கும். ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டவர்கள், இளம் வயதில் இரண்டு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு. அவர்கள் உடம்பு இன்னும் பல ஆண்டுகள் பெற்றிருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜனை இழந்திருக்கிறது. எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கும். வேறு தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது, அதாவது ஏறக்குறைய 51 வரையாவது ஹார்மோன் எடுக்கச் சொல்வதுதான் வழக்கமான பரிந்துரை. கீழே வரப்போகும் ஆபத்துக் கணக்குகள் எல்லாம் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துப் போட்டவை. அதை எடுத்து 38 வயதுப் பெண்ணிடம் காட்டிப் பயமுறுத்துவதில் அர்த்தமே இல்லை.

படி 2: தொந்தரவை எழுதுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். பெரிய கட்டுரை வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

செவ்வாய், இரவு 2.10. விழிப்பு. கழுத்து, முதுகு நனைந்துவிட்டது. உடை மாற்றினேன். மறுபடி தூங்க 4 மணி ஆனது.
புதன், காலை 11. மீட்டிங்கில் முகம் சூடாகிச் சிவந்தது, ஐந்து நிமிடம். 
புதன், மாலை. காரணமே இல்லாமல் எரிச்சல். நேற்று சரியான தூக்கம் இல்லை.

"ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது டாக்டர்" என்பதைவிட இந்த மூன்று குறிப்புகள் அதிகம் சொல்லும். சிகிச்சை தொடங்கிய பிறகு வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இதே நோட்டுதான் உதவும்.

இந்த மருந்து எதைச் சரி செய்யும்? திடீர்ச் சூட்டையும் இரவு வியர்வையையும் இதைவிட நன்றாகக் கட்டுப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. ஆய்வுகளில் அவை வரும் தடவைகள் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருக்கின்றன. வியர்வையால் கெட்ட தூக்கமும் அதோடு சீராகும். பிறப்புறுப்பு வறட்சி குறையும். எலும்பு தேய்வது மட்டுப்படும். எடை குறையவோ, சுருக்கம் மறையவோ, இளமை திரும்பவோ இதை எடுக்கக் கூடாது. அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் பொறுமை கிடையாது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர் "இதய நோய் வராமல் இருக்க, மறதி நோய் வராமல் இருக்க" என்று மட்டும் எடுப்பதும் பரிந்துரையில் இல்லை.

இன்னொன்று. "ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போய்விடும்" என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு 2015-இல் சொன்னது வேறு. அடிக்கடி சூடும் வியர்வையும் வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. பொறுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது இந்தக் கால அளவையும் மனதில் வையுங்கள்.

படி 3: பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும், சில மருத்துவர்களுக்கும்கூட இருக்கும் பயத்தின் மூலம் ஒரே ஒரு ஆய்வு. அதன் பெயர் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ், அமெரிக்காவில் நடந்தது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2002 ஜூலையில், 5.2 ஆண்டுகள் ஆனபோது, மருந்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினார்கள். "26 சதவீதம் அதிகம்" என்பது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. கோடிக்கணக்கான மாத்திரைகள் குப்பைக்குப் போயின.

அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பார்க்கலாம். மருந்து எடுக்காத 10,000 பேரில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்து எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு. கூடுதல் 8 பேர். அதே கணக்கில் பக்கவாதம் 8 பேருக்குக் கூடுதல், நுரையீரலில் ரத்தக்கட்டி 8 பேருக்குக் கூடுதல், இதய நோய் 7 பேருக்குக் கூடுதல். மறுபக்கம், பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்குக் குறைவு, இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. எங்கே யார் சதவீதம் சொன்னாலும் "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைப் பழகிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அந்தத் தலைப்புச் செய்திகளில் அமுங்கிப்போயின. ஒன்று, பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இந்தச் சிகிச்சையைத் தேடி வருபவர்களோ பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியவர்கள். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்கியவர்களிடம் இதய நோய் கூடியதாகத் தெரியவில்லை. தாமதமாகத் தொடங்கியவர்களிடம்தான் அந்தச் சிக்கல். இரண்டாவது, அதே ஆய்வில் கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த தனிப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே பக்கவாதம் கூடியது உண்மை. ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறைந்தது. இரண்டு பிரிவினரையும் 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்கில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை.

சரி, அப்படியானால் பயமே வேண்டாமா? அதுவும் இல்லை. 2019-இல் லான்செட் இதழில் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய கணக்கு வந்தது. 50 வயதில் தொடங்கி 5 ஆண்டுகள் இரண்டு ஹார்மோன்களையும் தினமும் எடுத்தால், அடுத்த 20 ஆண்டுகளில் 50 பேருக்கு ஒருவர் என்ற அளவில் மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்றது அது. ஈஸ்ட்ரோஜன் தினமும், இரண்டாவது ஹார்மோன் மாதத்தில் சில நாட்கள் மட்டும் என்றால் 70 பேருக்கு ஒருவர். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேருக்கு ஒருவர். கடைசி வகையில் இந்தக் கணக்கும் முன் சொன்ன ஆய்வும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டு ஹார்மோன்களும் சேரும்போது ஆபத்து கூடுகிறது, எடுக்கும் காலம் நீள நீள அதுவும் ஏறுகிறது என்பதில் இரண்டுக்கும் சந்தேகமில்லை.

படி 4: கர்ப்பப்பை இருக்கிறதா?

இருக்கிறதென்றால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது. தனியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைத்து, அங்கே புற்றுநோய்க்கு வழிவிடும். 1975-லேயே இது தெரிந்துவிட்டது. அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து சேர்க்கிறார்கள் (மேலே பார்த்த புரோஜெஸ்டினும் இந்த வகைதான்). மாத்திரையாகவும் எடுக்கலாம். கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் சுரக்கும் சாதனத்தைப் பொருத்தியிருந்தால் அதுவே இந்த வேலையைச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. அது எத்தனை மில்லிகிராம், பொருத்தி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது என்றால் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மேலே பார்த்த கணக்குப்படி உங்கள் தராசு ஏற்கெனவே கொஞ்சம் சாதகமாகச் சாய்ந்திருக்கிறது.

படி 5: உங்கள் உடம்பின் பழைய கணக்கு

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் முதல் வேலையாக மருத்துவரிடம் சொல்லுங்கள்:

- மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது
- காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருக்கிறது
- மாரடைப்பு, பக்கவாதம்
- தீவிரமான கல்லீரல் நோய்
- பிறப்புறுப்பில் காரணம் தெரியாத ரத்தப்போக்கு

இவற்றில் பெரும்பாலானவை "வேண்டாம்" என்ற பதிலில்தான் போய் நிற்கும். கடைசியில் உள்ளது மட்டும் "முதலில் காரணத்தைக் கண்டுபிடி, அப்புறம் பார்க்கலாம்" என்ற வகை. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஒற்றைத் தலைவலி, பித்தப்பைக் கல் எல்லாம் கதவை மூடுபவை அல்ல. எந்த மருந்து, எந்த வடிவம் என்பதை மாற்றுபவை. அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தது என்பதும் தானாகவே தடையாகிவிடாது. எந்த வயதில் வந்தது, எத்தனை பேருக்கு வந்தது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கண்டிப்பாகக் கேட்பார்.

படி 6: மாத்திரையா, பேட்ச்சா, ஜெல்லா?

வாய்வழி மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கூட்டிவிடுகிறது. ரத்தக்கட்டி ஆபத்து ஏறுவதற்கு இதுதான் காரணம். தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் அந்தச் சுற்றுக்குப் போகாமல் நேராக ரத்தத்தில் கலக்கிறது. வழக்கமான அளவுகளில் அது ரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உடல் எடை அதிகம் உள்ளவர்கள், புகைப்பவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் ஆகியோருக்குத் தோல் வழியே முதலில் யோசிக்க வேண்டிய வழி. என்னைக் கேட்டால், வேறு காரணம் இல்லாதவர்களும் அதையே முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

பேட்ச் என்பது கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய ஒட்டு. இடுப்புக்குக் கீழே, பிட்டத்திலோ அடிவயிற்றிலோ, எண்ணெயும் கிரீமும் தடவாத உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும். மார்பகத்தில் ஒட்டவே கூடாது. வகையைப் பொறுத்து வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ மாற்றுவது, ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றி ஒட்டுவது. பிய்த்த பிறகு ஓரங்களில் அழுக்கு பிடித்த பசைக்கோடு ஒன்று நிற்கும். கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். வியர்வையில் ஓரம் கிளம்பி வருவதும் உண்டு. அதைச் சகிக்க முடியாதவர்களுக்கு ஜெல் இருக்கிறது. மேற்கையிலோ தொடையிலோ தடவி, காயும்வரை உடை உடுத்தாமல் காத்திருந்து, உள்ளங்கைகளைக் கழுவிவிட வேண்டும். தடவிய இடத்தில் குழந்தைகளின் தோல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே எடுக்கும் புரோஜெஸ்டிரோன் வகைகளிலும் வித்தியாசம் உண்டு. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் நம் உடம்பில் சுரப்பதைப் போன்றதே. பழைய செயற்கை வகைகளைவிட இதில் மார்பக ஆபத்து குறைவாக இருக்கலாம் என்று பெண்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டுகின்றன. தூக்கம் வரவைக்கும் என்பதால் படுக்கப்போகும்போது எடுக்கச் சொல்வார்கள். இரவில் புரண்டு படுப்பவர்களுக்கு அது கூடுதல் லாபம்.

"உங்களுக்கென்றே தனியாகக் கலந்து தருகிறோம், முழுக்க இயற்கை" என்று எச்சில் பரிசோதனை செய்து விற்கும் கலவைகளையும், தோலுக்கடியில் பதிக்கும் பெல்லட்டுகளையும் தவிருங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு மருந்து போகிறது என்பதற்கே உத்தரவாதம் இல்லை. உடம்பில் சுரப்பதைப் போன்ற அதே ஹார்மோன் தரம் சோதித்து அனுமதித்த பேட்ச்சிலும் ஜெல்லிலும் கிடைக்கிறது.

தொந்தரவு கீழே மட்டும்தான் என்றால்

வறட்சி, எரிச்சல், உடலுறவில் வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று. திடீர்ச் சூடு காலப்போக்கில் அடங்கலாம், இவை தானாக அடங்குவதில்லை. கூடத்தான் செய்யும். வெட்கத்தில் பலர் வாயைத் திறக்காமலே ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். இதற்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ போதும். ரத்தத்தில் மிகச் சொற்பமே கலக்கும், புரோஜெஸ்டிரோன் சேர்க்கத் தேவையில்லை. மேலே சொன்ன லான்செட் கணக்கிலும் இதனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருக்கும் தாளில் புற்றுநோய், மாரடைப்பு, டிமென்ஷியா என்ற மறதி நோய் என்று மாத்திரைக்கு எழுதிய அதே எச்சரிக்கை இருக்கலாம். பலர் அதைப் படித்துவிட்டு மருந்தை அப்படியே மூடி வைத்துவிடுவார்கள். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கட்டம்கட்டிய எச்சரிக்கைகளை நீக்க நடவடிக்கை எடுத்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் இதையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

படி 7: ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்

நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் "எனக்குக் கிடைப்பது", வலப்பக்கம் "எனக்கு இருக்கும் ஆபத்து". பொதுவான ஆபத்தை எழுதாதீர்கள், உங்களுடையதை எழுதுங்கள்.

52 வயது, மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டு, இரவில் நான்கு தடவை விழிப்பு, வேறு நோய் இல்லை. இப்படி ஒருவர் எழுதினால் இடப்பக்கம் கனமாக இருக்கும். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள், தடை ஏதும் இல்லாமல், தொந்தரவு இருக்கிறது என்றால் நன்மையே அதிகம் என்பதுதான் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022-இல் எடுத்த நிலைப்பாடும். 66 வயது, நின்று 15 ஆண்டு, ரத்த அழுத்தத்துக்கு மருந்து, எப்போதாவது லேசான சூடு, "எலும்புக்கு நல்லதாமே" என்ற எண்ணம். இவருக்கு வலப்பக்கம் கனக்கும். எலும்புக்கு வேறு மருந்துகள் உண்டு. புதிதாகத் தொடங்க இது வயதும் அல்ல. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை டிமென்ஷியா ஆபத்தைக் கூட்டியதை முன் சொன்ன ஆய்வின் ஒரு பிரிவே காட்டியது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். ஒரே தாளை வைத்துக்கொண்டு இருவர் வேறு வேறு முடிவுக்கு வந்தாலும் இரண்டும் சரியாக இருக்கலாம். ஒருத்திக்குத் தூக்கம் முக்கியம், இன்னொருத்தியால் 50 பேருக்கு ஒருவர் என்ற அந்த மார்பகப் புற்றுநோய்க் கணக்கைத் தாங்க முடியாது.

ஹார்மோன் வேண்டாம் என்றோ முடியாது என்றோ வந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவில் சூட்டைத் தணிக்கும். கபாபென்டின் இரவு வியர்வைக்கு உதவும். மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டில் நேரடியாக வேலை செய்யும் ஃபெசோலினெட்டன்ட் 2023-இல் வந்தது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை அவசியம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையும் தொந்தரவின் கடுமையைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் என்ற மருந்தை எடுப்பவர்கள் பாராக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தவிர்க்க வேண்டும். அது தமாக்சிஃபெனின் வேலையைக் கெடுத்துவிடும்.

படி 8: தொடங்கிய பிறகு

தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வயதுக்குரிய மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பாக்கி இருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் சில வாரங்களில் மார்பகங்கள் வலிப்பது, வயிறு உப்புசம், குமட்டல் சகஜம். பெரும்பாலும் தானாக அடங்கும். மூன்று மாதத்தில் மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள், அப்புறம் ஆண்டுக்கு ஒரு தடவை. ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிடாதீர்கள். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம்.

மாதவிடாய் நின்று ஓர் ஆண்டு ஆகாதவர்கள் இதைக் கருத்தடை என்று நினைத்துவிட வேண்டாம். இது அந்த வேலையைச் செய்யாது.

தினமும் இரண்டு ஹார்மோன்களையும் எடுப்பவர்களுக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்கில்லாத ரத்தக்கசிவு வரலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, நின்றது புதிதாக ஆரம்பித்தாலோ பரிசோதனை அவசியம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முகமோ கையோ ஒருபக்கம் தொய்வு, பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எத்தனை ஆண்டு என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் கெடு கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தாளை எடுத்து வயதையும் புதிய நோய்களையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள். நிறுத்த முடிவு செய்தால் ஒரேயடியாகவும் நிறுத்தலாம், படிப்படியாகவும் குறைக்கலாம். நீண்ட நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. படிப்படியாகக் குறைத்தால் உடனடித் தொந்தரவு கொஞ்சம் குறைவாகத் தெரியலாம், அவ்வளவுதான். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சூடு திரும்பி வருகிறது. எலும்புக்குக் கிடைத்த பாதுகாப்பும் நிறுத்திய பின் கரையத் தொடங்கும். அதனால் நிறுத்தும் முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள். நிறுத்திய பிறகு சில மாதங்களுக்கு அந்த நோட்டில் மறுபடி குறித்து வாருங்கள்.